அரசுக் கட்டடத்தில் மின், நீர்க் கட்டணம் எகிறுகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை பிடிக்கும் வழி

அரசுக் கட்டடத்தில் பில் கணக்குப் பிரிவுக்குப் போகிறது. மீட்டர் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறது. தொகையைப் பார்ப்பவர் மீட்டர் அறைக்குப் போவதில்லை, மீட்டர் அறைச் சாவியை வைத்திருப்பவர் பில்லைப் பார்த்ததே இல்லை. கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில்தான் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கின்றன. ஆகவே இரண்டு பிரிவிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் சேர்ந்து உட்கார்ந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

கையில் வேண்டியவை: கடந்த 24 மாத பில்கள் (12 போதாது, போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும்), எந்த இணைப்பு எந்தப் பகுதிக்குப் போகிறது என்ற பட்டியல், டாங் டெஸ்டர் (கம்பியைத் துண்டிக்காமல் கவ்விக் கரண்ட் அளக்கும் கருவி), டார்ச், படம் எடுக்க ஒரு போன். பல துறைகள் இருக்கும் வளாகத்தில் அந்தப் பட்டியலே இருக்காது. அதைத் தயாரிக்கும்போதே, காலிசெய்துவிட்டுப் போன பிரிவின் பெயரில் குறைந்தபட்சக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் இணைப்பு ஒன்றிரண்டு அகப்படும். அவற்றைத் துண்டிக்க எழுதிக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே சுலபமான சேமிப்பு.

எதையும் தொடுமுன்: கூடியது உண்மைதானா?

பில்லில் நாட்களை எண்ணுங்கள். 30 நாளுக்கு 12,000 யூனிட் என்றாலும் 34 நாளுக்கு 13,600 யூனிட் என்றாலும் நாளுக்கு 400 யூனிட்தான். தொகை 13 சதவீதம் கூடியிருக்கும், கட்டடத்தில் ஒன்றும் மாறியிருக்காது. எல்லா ஒப்பீட்டையும் நாளொன்றுக்கு எத்தனை யூனிட் என்று மாற்றிக்கொண்டே செய்யுங்கள்.

அடுத்து, செலவுப் பதிவேட்டில் இருப்பது பணம் கட்டிய மாதம், மின்சாரம் ஓடிய மாதம் அல்ல. நிதி ஒதுக்கீடு தாமதமாகி மூன்று பில் ஒரே மாதத்தில் கட்டப்பட்டால் வரைபடத்தில் அது மலைபோல் தெரியும். மீட்டர் எடுத்த தேதிப்படி அடுக்கிப் பாருங்கள். பாதி மலைகள் காணாமல் போகும்.

## அறிகுறி 1: யூனிட் அப்படியே, தொகை மட்டும் கூடியிருக்கிறது

தாமதக் கட்டணமும் நிலுவையும். நிலுவைத் தொகையைத் தனியே கூட்டுங்கள். கட்டிய தொகை வேறு இணைப்பு எண்ணில் வரவாகியிருப்பது வளாகங்களில் அடிக்கடி நடப்பது. செலுத்திய ரசீதையும் இணைப்பு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பத்து நிமிட வேலை.

மதிப்பீட்டு அளவீடு. அளவெடுக்க வந்தவர் மீட்டர் அறை பூட்டியிருந்ததால் சராசரி போட்டிருப்பார். பில்லில் அளவீட்டு நிலை என்ற இடத்தில் இது குறிக்கப்பட்டிருக்கும். அடுத்த முறை உண்மை அளவு எடுக்கும்போது விட்டுப்போனதெல்லாம் ஒரே பில்லில் வந்து விழும். படிநிலைக் கட்டணம் உள்ள இணைப்பாக இருந்தால் மேல் படியில் விழும். சாவியின் நகலைக் காவலரிடம் கொடுத்துவையுங்கள். மாதாமாதம் அதே தேதியில் மீட்டரைப் படம் எடுத்து வைத்தால் முறையீடு செய்யும்போது சாட்சி கையில் இருக்கும்.

கட்டண வகை. குடியிருப்புக்கோ விடுதிக்கோ போகும் இணைப்பு வணிக வகையில் இருக்கலாம். கட்டுமானக் காலத்தில் தற்காலிகமாக வாங்கிய இணைப்பு கட்டடம் திறந்த பிறகும் தற்காலிக விலையிலேயே ஓடலாம். ஒவ்வொரு பில்லிலும் உள்ள வகைக் குறியீட்டை மின் விநியோகஸ்தரின் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தாததை எழுத்து மூலம் கேளுங்கள்.

இவை மூன்றும் இல்லையென்றால் பில்லில் டிமாண்ட் (ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சுமையின் உச்சம்) கட்டணமா, பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்திறனில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) அபராதமா, எது கூடியது என்று பார்த்து அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி 2: டிமாண்ட் கட்டணம் அல்லது அபராதம்

மீட்டர் 15 அல்லது 30 நிமிடத் துண்டுகளாகச் சராசரி எடுத்து, மாதத்தில் மிகப்பெரியதை மட்டும் பதிவுசெய்கிறது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்ட்தான் டிமாண்டை ஏற்றுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சில நொடிதான்; 30 நிமிடச் சராசரியில் கரைந்துவிடும். ஏற்றுவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஓடும் சுமை.

*முதல் சோதனை.* இரண்டு மாத டிமாண்ட் புள்ளிக்குப் பின்னுள்ள எண் வரை ஒன்றாக இருக்கிறதா? இருந்தால் மாதக் கடைசியில் மீட்டர் மீட்டமைக்கப்படவில்லை என்று சந்தேகியுங்கள். விலைப்பட்டியலையும் ஒருமுறை படியுங்கள்: சில இடங்களில் கடந்த மாதங்களின் உச்சத்தில் ஒரு பங்கை இந்த மாதமும் வசூலிக்கும் விதி உண்டு. அப்படியென்றால் அது பிழை அல்ல, பழைய தவறுக்கு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

*இரண்டாவது.* மின்னணு மீட்டரின் திரையை நகர்த்தினால் பல மாடல்களில் உச்சம் பதிவான தேதியும் நேரமும் வரும். அதைக் காவலர் பதிவேடு, பம்ப் பதிவேடு, ஜெனரேட்டர் பதிவேடு ஆகியவற்றோடு பொருத்திப் பாருங்கள். வழக்கமாகச் சிக்குபவை:

- காலை அலுவலகம் திறந்த முதல் அரைமணி. எல்லா ஏசியும் ஒன்றாக, கூடவே தொட்டி நிரப்பும் பம்ப்பும்.
- மின்தடை முடிந்து கரண்ட் வந்த நேரம். அறைகள் சூடேறியிருப்பதால் எல்லா கம்ப்ரசரும் முழுவீச்சில் ஓடும்.
- தீயணைப்பு பம்ப் வாராந்திரச் சோதனை. நண்பகலில் செய்தால் வருடம் முழுக்க அதற்குப் பணம்.

சரிசெய்வதற்குச் செலவே இல்லை. பம்ப்பை விடியலுக்கு மாற்றுங்கள், ஏசியைத் தளம் தளமாக இடைவெளி விட்டுப் போடுங்கள், தீயணைப்புச் சோதனையை அலுவலகம் திறக்கும் முன் வையுங்கள். மின்தடைக்குப் பிறகு பெரிய ஏசிகள் தானாக ஒன்றாக எழாமல் இருக்க டைம் டிலே ரிலே போடலாம். அது சின்னச் செலவு.

*மூன்றாவது: ஒப்பந்த டிமாண்ட் பொருந்துகிறதா?* 24 மாதத்தில் உச்சம் 170 கேவிஏ (டிமாண்டை அளக்கும் அலகு), ஒப்பந்தம் 300 கேவிஏ என்றால், பயன்படுத்தாத கொள்ளளவுக்குக் கட்டணம் போய்க்கொண்டிருக்கலாம். பழைய குழல்விளக்குகள் போய் எல்இடி வந்த கட்டடங்களில் இது சர்வசாதாரணம். சுமை இறங்கியது, ஒப்பந்தத்தை யாரும் இறக்கவில்லை. குறைக்கும்போது பதிவான உச்சத்துக்கு மேல் 10 முதல் 15 சதவீதம் இடம் விடுங்கள். புதிய பிரிவு ஏதும் குடிவரப்போகிறதா என்று நிர்வாகப் பிரிவிடம் கேட்ட பிறகே விண்ணப்பியுங்கள். இறக்குவது எளிது, மீண்டும் ஏற்ற வைப்புத்தொகையும் கோப்பும் நடக்க வேண்டும்.

## அறிகுறி 3: பவர் ஃபேக்டர் அபராதம், அல்லது கேவிஏ மட்டும் ஏறுகிறது

100 கிலோவாட் சுமை 0.75 பவர் ஃபேக்டரில் 133 கேவிஏ; அதே சுமை 0.95-ல் 105 கேவிஏ. வித்தியாசத்தை ஈடுகட்ட சுமார் 55 கேவிஏஆர் (வேலை செய்யாமல் போய்வரும் மின்திறனின் அலகு) கேபாசிட்டர் வேண்டும். பெரும்பாலான கட்டடங்களில் அந்த கேபாசிட்டர் ஏற்கெனவே இருக்கும். வேலை செய்யாது, அவ்வளவுதான்.

பேனலைத் திறப்பது உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே. கேபாசிட்டர் அணைத்த பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கும். குறைந்தது ஐந்து நிமிடம் விட்டு, வோல்ட்மீட்டரால் சோதித்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

1. கேபாசிட்டர்களைத் தேவைக்கேற்பச் சேர்க்கும் தானியங்கி பேனல் மேனுவலிலோ அணைந்தோ இருக்கிறதா? யாரோ எதற்கோ அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள். இதைவிட அதிகம் காணும் காரணம் வேறில்லை.
2. ஃப்யூஸ் போயிருக்கிறதா, கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) ஒட்டிக்கொண்டதா.
3. டாங் டெஸ்டரால் ஒவ்வொரு கேபாசிட்டரின் மூன்று பேஸையும் அளக்கவும். 400 வோல்ட்டில் 10 கேவிஏஆர் என்றால் பேஸுக்குச் சுமார் 14.4 ஆம்பியர். பத்துக்குக் கீழே வந்தாலோ மூன்று பேஸும் ஒத்துப்போகாவிட்டாலோ அது தேய்ந்துவிட்டது. உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், கழற்றுங்கள்.
4. பேனலைக் கட்டுப்படுத்தும் ரிலேக்குப் போகும் சிடி (பெரிய கரண்டை அளப்பதற்காகச் சிறிதாக்கிக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்). கேபிள் மாற்றியபோது திருப்பி மாட்டியிருந்தால் ரிலே தலைகீழாகப் படிக்கும். சிடி கேபாசிட்டர் கிளைக்குக் கீழே போய்விட்டால், கேபாசிட்டர் சேர்ந்ததே ரிலேக்குத் தெரியாது.

பகலில் சரி, மாதச் சராசரி மட்டும் மோசம் என்றால் இரவைப் பாருங்கள். நேரடியாக இணைத்த கேபாசிட்டர் ஆளில்லாத நேரத்திலும் ஓடி, பவர் ஃபேக்டரை மறுபக்கம் தள்ளும். கேவிஏஹெச் (கேவிஏ-மணி) கணக்கில் பில் போடும் இடங்களில் அதற்கும் பணம் உண்டு.

*நிபுணரைக் கூப்பிடும் இடம்:* புதிதாகப் போட்ட கேபாசிட்டர் சில மாதத்திலேயே உப்புகிறது, ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகிறது. கணினி, யுபிஎஸ், எல்இடி நிறைந்த கட்டடத்தில் இது ஹார்மானிக்ஸ் (மின் அலைவடிவம் கெடுவது) தொல்லை. இன்னொன்று வாங்கி மாட்டினால் அதுவும் போகும். ஹார்மானிக்ஸ் அளந்து, அதற்கேற்ற ரியாக்டரோடு (தடுப்புச் சுருள்) வடிவமைக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 4: யூனிட்டே கூடியிருக்கிறது

சரியாக இரண்டு மடங்கானால் கட்டடத்தைத் தேடாதீர்கள். சிடி 200/5 இருந்த இடத்தில் 100/5 மாற்றியிருப்பார்கள். பெருக்கல் காரணி (மீட்டர் எண்ணை உண்மை யூனிட்டாக்கப் பெருக்கும் எண்) 40-லிருந்து 20-க்கு இறங்கியிருக்க வேண்டும், பில்லில் இன்னும் 40 இருக்கும். பெயர்ப்பலகையைப் படம் எடுத்து விநியோகஸ்தருக்கு எழுதுங்கள். முத்திரையிட்ட பெட்டியை நீங்கள் திறக்கக் கூடாது. ஓடும் சிடியின் இரண்டாம் பக்கத்தைத் துண்டித்தால் உயிராபத்து.

அப்படி இல்லையென்றால் ஒரு வாரம் காலை 7, மாலை 7 மணிக்கு அளவெடுங்கள். வார இறுதியும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பன்னிரண்டு மணியையும் சராசரிக் கிலோவாட்டாக மாற்றினால் எந்தக் கிளைக்குப் போவது என்று தெரிந்துவிடும்.

### 4அ: ஆளில்லாத நேரத்தில் ஓடுகிறது

வாரத்துக்கு 168 மணி. ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணி திறந்திருக்கும் அலுவலகம் 118 மணி மூடியிருக்கிறது. அந்த நேரத்தில் வீணாக ஓடும் 5 கிலோவாட் வருடத்துக்கு 30,680 யூனிட். பகலில் விளக்கை அணைக்கச் சொல்லும் சுற்றறிக்கைகள் இந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வராது.

இரவுச் சராசரி பகல் சராசரியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இரவு 9 மணிக்குச் சாவிக்கொத்தோடு ஒரு சுற்று போங்கள். மலிவானதிலிருந்து:

- கழிப்பறை எக்ஸாஸ்ட் ஃபேன், குடிநீர் குளிர்விப்பான், வெந்நீர் ஹீட்டர். டைமர் சுவிட்ச் போதும்.
- ஏசி டைமர். மின்தடையில் கடிகாரம் பின்தங்கி, மாலை 6-க்கு அணைய வேண்டியது இரவு 11-க்கு அணையும். பெரிய கட்டடமானால் கட்டுப்பாட்டுக் கணினியில் யாரோ கையால் மாற்றி வைத்த அமைப்புகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒருநாள் கூட்டத்துக்காகச் செய்த மாற்றம் வருடமாக அப்படியே நிற்கும்.
- சர்வர் அறை. 18 டிகிரியில் வைத்திருப்பார்கள். சர்வருக்குள் நுழையும் காற்று 27 டிகிரி வரை பரிந்துரைக்கப்பட்ட வரம்புக்குள்தான் வருகிறது. 24-ல் வைத்தால் பயமில்லை.
- பாதிகூட நிரம்பாத பெரிய யுபிஎஸ்கள். மூன்றை ஒன்றாக்க முடியுமா பாருங்கள்.
- வெளியார். உணவகத்தின் ஃப்ரீசர், ஏடிஎம், மொபைல் கோபுரம், பக்கத்தில் வேலை செய்யும் ஒப்பந்ததாரரின் வெல்டிங். துணை மீட்டர் இல்லாமல் இழுக்கும் ஒவ்வொன்றும் உங்கள் கணக்கில்தான்.

கண்ணுக்கு அகப்படாவிட்டால் பிரதான பேனலில் ஒவ்வொரு ஃபீடரின் (அங்கிருந்து கிளம்பும் கிளைக் கேபிள்) கரண்டையும் டாங் டெஸ்டரால் எடுத்து எழுதுங்கள். அதிகம் காட்டும் ஃபீடரைப் பிடித்துத் தளத்து டிபி (மின் விநியோகப் பெட்டி) வரை இறங்கினால் இரண்டு இரவில் ஆளைப் பிடித்துவிடலாம். பேனலில் அளக்க முடியாவிட்டால் மீட்டரின் சிவப்பு விளக்கு போதும்: யூனிட்டுக்கு 1,600 துடிப்பு என்று எழுதியிருந்து, 10 துடிப்புக்கு 15 நொடி ஆனால் 1.5 கிலோவாட். சிடி மீட்டராக இருந்தால் அதைப் பெருக்கல் காரணியால் பெருக்குங்கள்.

### 4ஆ: வேலை நேரத்தில் மட்டும் கூடியிருக்கிறது

போன வருடம் இதே மாதத்தைவிட வெயில் அதிகமா, புதிய பிரிவு வந்ததா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஏசிதான்.

வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றினால் ஏசியின் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறையும்; இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும், ரிமோட்டைப் பூட்டி வைப்பது இன்னும் நல்லது. பிறகு ஃபில்ட்டர், பிறகு வெளிப்புறக் கண்டென்சர். ஃபைல் அடுக்கியும் பலகை சார்த்தியும் காற்று அடைபட்ட வெளியலகு எந்த அலுவலகத்திலும் ஒன்றாவது உண்டு. அதன் பிறகு கதவைத் தானாக மூடும் கருவி (டோர் க்ளோசர்). உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் குளிர்காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். எல்லாம் சுத்தம் செய்தும் 8-க்குக் கீழே நின்றால் வாயுக் கசிவோ கம்ப்ரசரோ, அங்கே மெக்கானிக். கசிவை அடைக்காமல் வாயு மட்டும் நிரப்பிவிட்டுப் போகிறவருக்குப் பில் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

மத்திய சில்லரில் (நீரைக் குளிர்வித்துக் கட்டடம் முழுக்க அனுப்பும் ஏசி) ஏஹெச்யு (அந்த நீரால் காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் அலகு) ஃபேன்கள் எந்நேரமும் முழுவேகத்தில் ஓடுகின்றனவா பாருங்கள். வேகத்தை 80 சதவீதமாக இறக்கினால் ஃபேனின் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகும்.

### 4இ: எல்லாம் அணைத்தும் மீட்டர் ஓடுகிறது

விடுமுறை நாளில் பிரதான சுவிட்சை இறக்குங்கள் (லிஃப்ட், சர்வர், தீயணைப்பு அமைப்பு பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டு). மீட்டர் விளக்கு துடித்தால் சுவிட்சுக்கு முன்னாலிருந்தே யாரோ இழுக்கிறார்கள், அல்லது மீட்டர் பழுது. இரண்டுமே விநியோகஸ்தரின் வேலை. காணொளியோடு மீட்டர் சோதனைக்கு விண்ணப்பியுங்கள்.

### 4ஈ: யூனிட் திடீரென்று குறைந்துவிட்டது

மகிழ்ச்சி வேண்டாம். மூன்று பேஸ் சுமை சமமாக இருக்கும்போது ஒரு சிடி திரும்பி மாட்டப்பட்டால் பல மீட்டர்கள் மூன்றில் ஒரு பங்குதான் காட்டும். ஒரு பேஸ் விட்டுப்போனால் மூன்றில் இரண்டு பங்கு. கண்டுபிடிக்கும் நாளில் பழைய பாக்கியெல்லாம் ஒரே தொகையாக வரும், அதற்கு அந்த நிதியாண்டில் ஒதுக்கீடு இருக்காது. உடனே எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

## அறிகுறி 5: குடிநீர்க் கட்டணம் கூடியிருக்கிறது

தொட்டிகள் நிரம்பிய பிறகு, எல்லோரும் போனதும் மீட்டரைப் படம் எடுங்கள், காலையில் மீண்டும். ஒரு லிட்டர்கூட நகரக் கூடாது. நகர்ந்திருந்தால்:

மேல்நிலைத் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாயைத் தொட்டுப் பாருங்கள். ஈரமானால் மிதவை வால்வு. அடுத்து ஃப்ளஷ் டேங்குகள்: உள்ளே கொஞ்சம் சாயம் கலந்து, 15 நிமிடம் பயன்படுத்தாமல் விடுங்கள், கோப்பையில் நிறம் வந்தால் அடிவால்வின் ரப்பர் போயிற்று. நிமிடத்துக்கு அரை லிட்டர் ஒழுகும் ஒரு டேங்க் நாளுக்கு 720 லிட்டர். சத்தமே வராது, அதனால்தான் யாரும் புகார் செய்வதில்லை.

சம்ப். உள்வரும் வால்வையும் பம்ப்பையும் நிறுத்தி நீர்மட்டத்தில் கோடு போட்டு இரவு முழுக்க விடுங்கள். 4 மீட்டருக்கு 5 மீட்டர் சம்ப்பில் 2 சென்டிமீட்டர் இறங்கினால் 400 லிட்டர் மண்ணுக்குப் போயிருக்கிறது.

புதைகுழாய். சம்ப்புக்கு முன்னுள்ள வால்வை மூடியும் மீட்டர் ஓடினால் கசிவு மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே. இங்கே தோண்டத் தொடங்காதீர்கள். ஒலி மூலம் கசிவு கண்டுபிடிக்கும் கருவியோடு ஆள் வரட்டும். தரையைக் கிளறிப் போடுவதைவிட மலிவு. நீர்வரத்து விட்டுவிட்டு வரும் இடங்களில் குழாயில் அடைபட்ட காற்றே மீட்டரைச் சுழற்றுவதும் உண்டு. மீட்டருக்கு முன் காற்று வெளியேற்றும் வால்வு அதைத் தீர்க்கும்.

கழிவுநீர்க் கட்டணம் குடிநீர் அளவை வைத்தே போடப்படுகிறதா? கூலிங் டவரில் ஆவியாகும் நீரும் தோட்டத்துக்குப் போகும் நீரும் சாக்கடையைப் பார்ப்பதே இல்லை. தண்ணீரால் குளிரும் சில்லர் ஓடும்போது குளிர்த்திறன் டன்னுக்கு மணிக்குச் சுமார் 6 லிட்டர் ஆவியாகிறது. அந்தக் குழாயில் தனி மீட்டர் வைத்துக் கட்டணத் தள்ளுபடி கேட்க விதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

## அறிகுறி 6: டீசல் கணக்கு இடிக்கிறது

லாக் புக்கில் மூன்று எண் வேண்டும்: ஊற்றிய லிட்டர், ஓடிய மணி, உற்பத்தியான யூனிட். மூன்றாவது பெரும்பாலும் எழுதப்படாது. அதில்தான் உண்மை இருக்கிறது. நடுத்தர ஜெனரேட்டர் முக்கால் சுமையில் லிட்டருக்கு 3 முதல் 3.5 யூனிட் தர வேண்டும். 2-க்குக் கீழே வந்தால் முதலில் தொட்டியைக் குச்சியால் அளந்து பதிவோடு ஒப்பிடுங்கள். டீசல் சரியாக இருந்தால் சுமை போதவில்லை. 30 சதவீதத்துக்குக் கீழ்ச் சுமையில் தொடர்ந்து ஓடினால் டீசல் முழுதாக எரியாது, புகைக்குழாயில் கருப்பு எண்ணெய் வடியும். இரண்டு சிறிய கட்டடங்களை ஒரே ஜெனரேட்டரில் சேர்க்க வழி பாருங்கள். சுமையும் சரியாக இருந்து புகை கருத்தால் இன்ஜெக்டர், ஏர் ஃபில்ட்டர், நிறுவன மெக்கானிக்.

## அறிகுறி 7: சோலார் போட்டும் பில் இறங்கவில்லை

இன்வெர்ட்டர் காட்டும் மாத உற்பத்தியைப் பில்லோடு ஒப்பிடுங்கள். உற்பத்தியே குறைவென்றால் தூசி, புதிதாக எழுந்த நிழல், அல்லது வார இறுதியில் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர் அணைவது. பிழைப் பதிவில் நேரத்தோடு இருக்கும்.

உற்பத்தி சரி, பில் மட்டும் குறையவில்லையா? ஞாயிறு நண்பகலில் மீட்டர் முன் நில்லுங்கள். கட்டடம் காலி, சோலார் வெளியே தள்ளுகிறது, அப்போதும் இறக்குமதி எண் ஏறினால் அந்த மீட்டர் இரு திசையும் பிரித்துப் பார்க்கும் வகை அல்ல. வெளியே கொடுத்ததற்கும் நீங்களே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

டிமாண்ட் குறையாததில் வியப்பில்லை; மாதத்தில் ஒரு மேகமூட்டமான பிற்பகல் போதும் பழைய உச்சம் பதிவாக. பவர் ஃபேக்டர் அபராதம் புதிதாக முளைத்திருந்தால் காரணம் இதுதான்: 100 கிலோவாட் சுமை 0.92-ல் இருந்தது, சோலார் 70 கிலோவாட்டைக் கொடுத்துவிட்டது, மீட்டர் வழியாக 30 கிலோவாட் மட்டுமே வருகிறது; ஆனால் 43 கேவிஏஆர் முழுதும் அதே வழியாகவே வருகிறது. மீட்டரில் பவர் ஃபேக்டர் 0.58. தானியங்கி பேனலின் சிடி சோலார் இணையும் இடத்துக்கு மேலே, விநியோகஸ்தரின் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போதாவிட்டால் இன்வெர்ட்டரையே கேவிஏஆர் கொடுக்கும்படி அமைக்கலாம். அந்த அமைப்பைச் சோலார் நிறுவியவர்தான், விநியோகஸ்தரின் ஒப்புதலோடு, மாற்ற வேண்டும்.